தொடக்கக்காரருக்கு ஏற்ற மலிவான கையடக்க ஜி.பி.எஸ்: மட்டக்களப்பு வெயிலில் மூன்று ஈட்ரெக்ஸ் கருவிகள்

ஒளித்து வைத்த பெட்டிகளை ஜி.பி.எஸ் உதவியோடு தேடிக் கண்டுபிடிக்கும் ஜியோகேச்சிங் விளையாட்டைப் பழகத் தொடங்குபவர் கையடக்க ஜி.பி.எஸ் வாங்கப் புறப்பட்டால், கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது வண்ணத் திரையும் வரைபடமும் கொண்ட கருவியாகவே இருக்கும். எங்கள் கரையோரத்தில் இந்த விளையாட்டுக்கு அவை இரண்டும் பெரிதாகப் பயன்படுவதில்லை. நண்பகல் வெயிலில் வாசிக்கக்கூடிய திரை, எந்தச் சில்லறைக் கடையிலும் வாங்கக்கூடிய பற்றரி, நின்ற இடத்திலேயே திசை சொல்லும் திசைகாட்டி ஆகியவற்றுக்குத்தான் பணம் கொடுக்க வேண்டும் என்பது, கார்மின் நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ் வரிசையில் மூன்று கருவிகளை வாவிக்கரையிலும் கடற்கரையிலும் பயன்படுத்திப் பார்த்த பின் எனக்கு ஏற்பட்ட கருத்து. அந்த மூன்றும் ஈட்ரெக்ஸ் 10, ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், ஈட்ரெக்ஸ் எஸ்.இ. ஆகியவை. முதலாவது மீன்பிடி வள்ளம் வைத்திருக்கும் உறவினரிடம் இரவல் பெற்றது, இரண்டாவது வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் கொண்டுவந்தது, மூன்றாவது என் சொந்தப் பணத்தில் வாங்கியது.

விளையாட்டை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அதுவரை ஏறக்குறைய நூறு மீற்றர் வரை பிசகிய இடங்காட்டல் ஒரே இரவில் பல மடங்கு துல்லியமானது. மே 3ஆம் திகதி, அந்தத் துல்லியத்தைச் சோதிப்பதற்காக டேவ் உல்மர் என்பவர் ஒறிகன் மாநிலத்தில் ஒரு வாளிக்குள் சில பொருட்களையும் ஒரு குறிப்புப் புத்தகத்தையும் வைத்து, அதன் ஆள்கூறுகளை, அதாவது அகலக்கோட்டு நெடுங்கோட்டு எண்களை, இணையத்தில் அறிவித்தார். இன்று உலகெங்கும் இலட்சக்கணக்கில் இருக்கும் ஒளித்து வைத்த பெட்டிகள் அந்த வாளியின் வழித்தோன்றல்களே. தேடிச் சென்று கண்டுபிடிப்பவர் உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். கண்டுபிடிப்பதன் கடினமும் நிலத்தின் கடினமும் ஒன்று முதல் ஐந்து வரை தனித்தனியே மதிப்பிடப்பட்டிருக்கும். தொடங்குபவர் இரண்டும் ஒன்றரைக்குள் இருக்கும் பெட்டிகளோடு நின்றுகொள்வது நல்லது. இலங்கையில் பெட்டிகள் பெரும்பாலும் உல்லாசப் பயணிகள் செல்லும் மலைநாட்டிலும் தெற்கிலும்தான் இருக்கின்றன. கிழக்கில் அவை மிகக் குறைவு என்பதால், இங்கே தொடங்குபவர் விரைவிலேயே தாமே பெட்டி வைப்பவராகவும் மாற வேண்டியிருக்கும். கருவியைத் தெரிவு செய்யும்போது இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கைத்தொலைபேசி போதாதா என்ற கேள்வி நியாயமானது. இடத்தைக் கண்டுபிடிக்கும் திறனை மட்டும் பார்த்தால் போதும். திறந்த வானத்தின் கீழ் இன்றைய நடுத்தர விலைத் தொலைபேசியும் மூன்று முதல் ஐந்து மீற்றர் வரையான பிழையோடு இடம் காட்டும். இங்கு சொல்லப்படும் மலிவுக் கருவிகளும் அதே அளவில்தான் காட்டுகின்றன. இந்த விடயத்தில் கருவி வாங்கினால் துல்லியம் கூடும் என்று சொல்லி விற்பவரை நம்பத் தேவையில்லை. தொலைபேசி தோற்றுப்போவது வேறு இடத்தில். கல்லடிக் கடற்கரையில் பகல் பதினொரு மணிக்குத் தொலைபேசியைத் திறந்து பிடித்தால் திரையில் தெரிவது நம் முகமே. ஒளியைக் கூட்டினால் அது சூடேறி, சிறிது நேரத்தில் தானாகவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். வியர்த்த விரலுக்குத் தொடுதிரை ஒழுங்காக இசைவதில்லை. மாலையாவதற்குள் பற்றரி இறங்கிவிட்டால், திரும்பி வருவதற்கு ஓட்டோ அழைக்கவும் வழியிருக்காது. வாகரைப் பக்கமோ குடும்பிமலைப் பக்கமோ செல்பவருக்குத் தொலைபேசியைப் பேசுவதற்கென்று காப்பாற்றி வைப்பதே கையடக்கக் கருவி வாங்குவதற்கான முதற் காரணம் என்று நினைக்கிறேன்.

ஈட்ரெக்ஸ் 10 எங்கள் பக்கத்துக்குப் புதிய பொருளல்ல. 2011இல் வெளிவந்த அந்தச் சிறிய கருவியை வாழைச்சேனை முதல் சாய்ந்தமருது வரையுள்ள கடற்றொழிலாளர்களின் கைகளில் காணலாம். வலை போட்ட இடத்தையும் மீன்படும் பார்களையும் (கடலடிப் பாறைத் திட்டுகளையும்) பதிந்து வைத்துத் திரும்பிச் செல்வதற்கு அவர்கள் பயன்படுத்தும் அதே வேலையைத்தான் ஜியோகேச்சிங்கும் கேட்கிறது. 2.2 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை, இரண்டு டபிள் ஏ பற்றரிகள், அவற்றில் ஏறக்குறைய 25 மணி நேர உழைப்பு, அமெரிக்காவின் ஜி.பி.எஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ் செய்மதிகளையும் பிடிக்கும் வசதி, ஒரு மீற்றர் நீரில் அரை மணி நேரம் தாங்கும் தரம் என்று தேவையானவை எல்லாம் அதில் உண்டு. கேபிள் மூலம் கணினியோடு இணைத்து, பெட்டிகளின் விவரங்கள் அடங்கிய ஜி.பி.எக்ஸ் கோப்புகளை ஏற்றினால், பெட்டியின் விவரமும் துப்பும் கருவியிலேயே தோன்றும். கடிதத் தாளில் எழுதிக்கொண்டு போகத் தேவையில்லை. குறை என்று பார்த்தால், அது பழைய மினி யூ.எஸ்.பி துவாரத்தையே பயன்படுத்துகிறது. அதற்கான கேபிளை இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். முகப்பின் மேல் மூலையில் இருக்கும் சிறிய ரப்பர்க் குச்சியை ஆட்டி எழுத்துகளைத் தெரிவு செய்வது, ஆள்கூறுகளைக் கையால் பதிபவருக்குப் பொறுமையைச் சோதிக்கும் வேலை. உப்புக்காற்றில் பல காலம் இருந்த கருவிகளில் அந்தக் குச்சி ஒரு பக்கத்துக்கு அழுத்தினால் மறுபக்கம் போகும்.

அதைவிடப் பெரிய குறை திசைகாட்டி இல்லாதது. விற்பனைக் குறிப்புகளில் எவரும் முதலில் பார்க்காத இந்த வரியைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஈட்ரெக்ஸ் 10, 22எக்ஸ் இரண்டிலும் மின்னணுத் திசைகாட்டி கிடையாது. நாம் நடந்துகொண்டிருக்கும்போது முன்னைய இடத்தையும் இப்போதைய இடத்தையும் ஒப்பிட்டுத்தான் எந்தப் பக்கம் போகிறோம் என்பதை அவை கணக்கிடுகின்றன. இருநூறு மீற்றர் தூரத்திலிருந்து நடந்து வரும்போது அம்பு நேராக நின்று வழிகாட்டும். கடைசிப் பத்து மீற்றரில், நாம் வேகத்தைக் குறைத்துப் பூவரச மரத்தின் வேரடியில் குனிந்து பார்க்கத் தொடங்கும் அதே நேரத்தில், அம்பு ஒரு முறை கிழக்கே காட்டும், அடுத்த நொடி பின்பக்கம் திரும்பும், பிறகு அசையாமல் உறைந்துவிடும். புதியவர்கள் கருவி பழுதாகிவிட்டது என்று நினைப்பது இந்த இடத்தில்தான். அந்தக் கட்டத்தில் அம்பை மறந்து, தூரத்தைக் காட்டும் எண்ணை மட்டும் பார்த்தபடி பின்வாங்கி, வேறொரு பக்கத்திலிருந்து இருபது முப்பது மீற்றர் நேராக நடந்து வர வேண்டும். இரு திசைகளிலிருந்து வந்து எண் மிகக் குறைந்த இடங்களை மனத்தில் குறித்தால், பெட்டி அவற்றுக்கு நடுவே எங்கோ இருக்கும். பழகியவர்களுக்கு இது ஒரு பொருட்டல்ல, ஆனால் முதல் நாளே பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு அந்தப் பிள்ளைகளின் ஆர்வம் வற்றிப்போவதும் இந்தப் பத்து மீற்றருக்குள்ளேதான்.

இதனாலேயே 2023இல் வந்த ஈட்ரெக்ஸ் எஸ்.இ. எனக்கு மற்ற இரண்டையும்விடப் பிடித்திருக்கிறது. அதில் மின்னணுத் திசைகாட்டி உண்டு. நின்ற இடத்தில் மெதுவாகச் சுற்றினாலும் அம்பு பெட்டியின் பக்கமே நிற்கிறது. பற்றரி மாற்றிய பின் ஒரு முறை சரிப்படுத்திக்கொள்வதும், மோட்டார் சைக்கிளின் அருகில் நின்று பார்க்காமல் இருப்பதும் போதும். ஜி.பி.எஸ், குளோனாஸ் தவிர ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ, ஜப்பானின் கியூ.இசற்.எஸ்.எஸ் செய்மதிகளையும் அது பிடிக்கிறது. வானத்தில் பார்வைக்கு எட்டும் செய்மதிகள் அதிகமாக இருப்பதன் நன்மை திறந்த கடற்கரையில் தெரியாது. கண்டல் அடர்ந்த வாவி ஓரத்திலும், பாறைகள் ஒரு பக்க வானத்தை மறைக்கும் சங்கமன்கண்டி போன்ற இடங்களிலும்தான் தெரிகிறது. அத்தகைய இடங்களில் ஈட்ரெக்ஸ் 10 அடிக்கடி தயங்கிய அதே மூலையில் எஸ்.இ. தன் இடத்தை விட்டுவிடாமல் வைத்திருந்தது. கறுப்பு வெள்ளைத் திரை வெயில் ஏற ஏற இன்னும் தெளிவாகிறது. சாதாரண முறையில் இரண்டு டபிள் ஏ பற்றரிகளில் 168 மணி நேரம் என்று நிறுவனம் சொல்கிறது. அதை மணிக்கணக்கில் நான் அளக்கவில்லை, ஆயினும் வார இறுதிகளில் மட்டும் செல்பவர் பற்றரியைப் பற்றி மறந்துவிடலாம் என்பது மட்டும் உறுதி. யூ.எஸ்.பி. சி துவாரம் இருப்பதால் வீட்டிலிருக்கும் தொலைபேசிக் கேபிளே அதற்கும் பொருந்துகிறது.

எஸ்.இ.யில் வரைபடம் இல்லை, ஏற்றவும் முடியாது. நாம் நிற்கும் புள்ளியும் போக வேண்டிய புள்ளியும் வெறும் வெள்ளைத் தாளில் தெரியும். இன்னொன்று, அதன் ஜியோகேச்சிங் வசதியின் முழுப் பயனும் தொலைபேசியோடு சேர்த்து வைத்தால்தான் கிடைக்கும். கார்மின் எக்ஸ்ப்ளோர் செயலி வழியாகப் புளூடூத்தில் இணைத்தால் அருகிலுள்ள பெட்டிகளின் விவரமும் பிறர் எழுதிய குறிப்புகளும் கருவிக்கு வந்து சேரும், கண்டுபிடித்ததையும் அங்கிருந்தே பதியலாம். இணைப்பை வீட்டிலேயே முடித்துக்கொண்டு புறப்பட வேண்டும். சிக்னல் ஒரு கோடும் இல்லாத உன்னிச்சைக் குளக்கட்டில் நின்று செயலிக்குக் கணக்குத் திறக்க முயல்வது வீண் வேலை. வெளியானபோது இதன் விலை அமெரிக்காவில் 149.99 டொலர். இங்கு வந்து சேரும்போது அனுப்பும் செலவும் வரியும் டொலரின் அன்றைய மாற்று விலையும் சேர்ந்து எங்கே நிற்கும் என்பதை வாங்கும் நாளில்தான் கணக்கிட முடியும்.

22எக்ஸ் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. 2019இல் 199.99 டொலருக்கு வந்த வண்ணத் திரைக் கருவி அது. வரைபடம் உண்டு, மைக்ரோ எஸ்.டி. அட்டையும் போடலாம். தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓபன் ஸ்ட்ரீட் மப் தரவுகளிலிருந்து தயாரித்த இலவச வரைபடங்களை அதில் ஏற்றினால் எங்கள் குளங்கள், வாய்க்கால்கள், வயல் பாதைகள் பலவும் தெரியும். வாவிக்கு அக்கரையில் இருக்கும் ஒரு பெட்டிக்கு நேர்கோட்டில் எண்ணூறு மீற்றர் என்று அம்பு காட்டினாலும் சுற்றிப் போக வேண்டிய தூரம் பல கிலோமீற்றர் என்பதை வரைபடம் முன்கூட்டியே சொல்லிவிடும். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்கும் கிழக்கேயுள்ள எழுவான்கரைக்கும் இடையில் நீரே கிடக்கும் இந்த மாவட்டத்தில் அது சிறிய உதவியல்ல. ஆனாலும் அதே உதவியை வீட்டில் தொலைபேசி வரைபடத்தை ஒரு தடவை பார்த்தே பெற்றுக்கொள்ளலாம் என்பதால், அந்தக் கூடுதல் ஐம்பது டொலரை நான் கொடுக்க மாட்டேன். திசைகாட்டியும் வளியமுக்க உயரமானியும் சேர்ந்த 32எக்ஸ் இன்னும் விலை கூடியது. கடல் மட்டத்தை விட்டு அதிகம் ஏறாத எங்கள் கரைக்கு உயரமானி எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

தோணியில் போய்த் தேட நினைப்பவர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ஈட்ரெக்ஸ் எதுவும் நீரில் மிதக்காது. வாவியில் விழுந்தால் நீர் உள்ளே போகாவிட்டாலும் கருவி சேற்றுக்குள் போய்விடும். மிதக்கும் கருவி தேவையென்றால் மீனவர்கள் வைத்திருக்கும் ஜி.பி.எஸ்.மப் 78 வகையைப் பார்க்கலாம். அது பருமனானது, விலையும் வேறு. என் கருத்தில் கழுத்துக் கயிறு ஒன்று போதும்.

எந்தக் கருவியை வாங்கினாலும் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் இரண்டு அமைப்புகளைச் சரிபார்க்க வேண்டும். ஜியோகேச்சிங்கில் ஆள்கூறுகள் பாகையாகவும், மூன்று தசம தானங்கள் கொண்ட நிமிடமாகவும் தரப்படும். அகலக்கோட்டில் நிமிடத்தின் ஆயிரத்திலொரு பங்கு நிலத்தில் 1.85 மீற்றர் என்பதால் அந்த மூன்று தானங்களே விளையாட்டுக்குப் போதுமானவை. தொலைபேசி வரைபடமோ பாகையைத் தசமத்தில் தருகிறது. கல்முனைப் பக்கத்து அகலக்கோடாகிய 7.425ஐ எடுத்துக்கொண்டால், தசமப் பகுதியை அறுபதால் பெருக்கி 7 பாகை 25.500 நிமிடம் என்று பதிய வேண்டும். அவசரத்தில் 7 பாகை 42.500 நிமிடம் என்று அடித்தால் கருவி மறுப்பேதும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டு, ஏறக்குறைய 31 கிலோமீற்றர் வடக்கே, மட்டக்களப்பு நகரத்து அகலக்கோட்டுக்கு அனுப்பிவிடும். நெடுங்கோட்டில் இதே பிழையைச் செய்தால் மட்டும் பெரும்பாலும் தப்பலாம். 81.825ஐ 81 பாகை 82.5 நிமிடம் என்று எந்தக் கருவியும் ஏற்காது. இரண்டாவது அமைப்பு ஆதாரத் தளம், அதாவது பூமியின் எந்தக் கணித மாதிரியை வைத்து ஆள்கூறுகளைக் கணக்கிடுவது என்பது. அது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று இருக்க வேண்டும். பழைய இலங்கை நில அளவைப் படங்களோடு பொருத்துவதற்காக முன்னைய உரிமையாளர் அதைக் கந்தவளை என்று மாற்றி வைத்திருந்தால், எல்லாப் புள்ளிகளும் நூறு மீற்றருக்கும் மேலாக விலகி நிற்கும். அப்போது கருவியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

நேரத்தையும் ஒரு அமைப்பாகவே கருதலாம். பூமியின் காந்த நடுக்கோடு இலங்கைக்கு அருகால் செல்வதால், சூரியன் மறைந்த பின் முன்னிரவில் மேல் வளிமண்டலத்தின் அயனிப் படலம் கலங்கிச் செய்மதிச் சமிக்ஞைகளைச் சிதறச் செய்கிறது. சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் இது கூடும். பகலில் நான்கு மீற்றர் காட்டிய கருவி இரவு எட்டு மணிக்கு அலைந்து திரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். எனவே புதிய பெட்டி வைப்பவர்கள் ஆள்கூறு எடுப்பதைக் காலையில் செய்வதும், ஒரே இடத்தைப் பல முறை அளந்து சராசரி எடுக்கும், ஈட்ரெக்ஸில் இருக்கும் புள்ளிச் சராசரி வசதியைப் பயன்படுத்துவதும், சில மணி நேரம் கழித்து மீண்டும் ஒரு தடவை எடுத்துச் சேர்ப்பதும் நல்லது. நீங்கள் தரும் பிழை, உங்களுக்குப் பின் வருபவரின் கருவிப் பிழையோடு கூடிக்கொள்ளும்.

பெட்டி வைப்பதைப் பற்றி ஒரு இடைக்குறிப்பு. விளையாட்டின் விதிப்படி நில உரிமையாளரின் அனுமதி வேண்டும், அவரது வெளிப்படையான அனுமதியின்றி மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது, மற்றொரு பெட்டிக்கு 161 மீற்றருக்குள் வைக்கக் கூடாது. எங்கள் ஊருக்கு இவற்றோடு இன்னொன்றும் சேர வேண்டும். பாலத்தின் கீழோ, கோயில், பள்ளிவாசல், தேவாலயச் சுவர்களின் அருகிலோ கறுப்பு நாடா சுற்றிய பெட்டியை ஒளித்து வைப்பது இந்த மண்ணில் யாருக்கும் விளையாட்டாகத் தெரியாது. உள்ளே இருப்பது வெளியே தெரியும் ஒளிபுகும் டப்பாவாக, மேலே தமிழிலும் சிங்களத்திலும் இது என்ன என்று எழுதியதாக, கிராம சேவகருக்குத் தெரிவித்து வைத்ததாக இருக்கட்டும்.

இனிப் பழைய கருவி வாங்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கையில் பணம் குறைவாக உள்ளவருக்கு நான் தயங்காமல் சொல்லும் வழி, மீன்பிடிச் சாமான் கடைகளிலோ வள்ளக்காரர்களிடமோ பாவித்த ஈட்ரெக்ஸ் 10 ஒன்றைத் தேடுவதுதான். ஆனால் பார்த்து வாங்க வேண்டும். கருவியைக் கடைக்கு வெளியே கொண்டுவந்து திறந்த வானத்தின் கீழ் வைத்துத் திகதியைப் பாருங்கள். ஜி.பி.எஸ் செய்மதிகள் திகதியை வாரங்களாக எண்ணி அனுப்புகின்றன. அந்த வார எண் 1024 வாரங்களுக்கு ஒரு முறை பூச்சியத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் 6ஆம் திகதி இரவு அப்படித் திரும்பியபோது, மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பல ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பின்னுள்ள திகதியைக் காட்டத் தொடங்கின. இடம் சரியாகக் காட்டினாலும், திகதி பிசகிய கருவி எவ்வளவு பழையது என்பதையும் எவரும் அதைக் கவனித்துப் புதுப்பிக்கவில்லை என்பதையும் அது சொல்லிவிடும். மஞ்சள் நிறத்து முதல் தலைமுறை ஈட்ரெக்ஸ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதற்கு யூ.எஸ்.பி. இல்லை, பெட்டி விவரங்களை ஏற்ற வழியும் இல்லை.

திகதி சரியாக இருந்தால் பின்பக்கத்து வளையத்தைத் திருப்பி மூடியைக் கழற்றிப் பற்றரி முனைகளைப் பாருங்கள். வெள்ளைத் தூள் என்றால் பற்றரி கசிந்திருக்கிறது, பெரும்பாலும் துடைத்து எடுக்கலாம். பச்சை படிந்திருந்தால் உப்பு நீர் உள்ளே போயிருக்கிறது, அதை வைத்துவிட்டு வாருங்கள். மூடியின் ஓரத்து ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, யூ.எஸ்.பி. துவாரத்தை மூடும் ரப்பர்த் துண்டு இருக்கிறதா என்பதையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவை இல்லாத கருவிக்கு நீர் தாங்கும் தரம் பெட்டியில் அச்சடித்த எழுத்து மட்டுமே. ரப்பர்க் குச்சியை நான்கு பக்கமும் அழுத்தி, ஒரு புள்ளியைப் பதிந்து, தெருவில் நூறு மீற்றர் நடந்துவிட்டு அதே புள்ளிக்குத் திரும்பச் சொல்லுங்கள். விற்பவர் பொறுமையிழந்தால் அதுவும் ஒரு தகவலே. இவ்வளவும் தேறிய கருவியாயினும், கேட்கும் விலை புதிய எஸ்.இ. ஒன்றின் விலையில் பாதியைத் தாண்டினால், இன்னும் சில மாதம் சேமித்துப் புதியதையே வாங்கிவிடலாம்.